பச்சைப் பெட்டியில் அறுபத்தொரு கவர்கள்

ஜனவரி 9

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. உன் உடம்பைப் பற்றி இரண்டு வரியாவது எழுது. போன கடிதத்தில் ‘சுகம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிட்டாய். மருந்துச் சீட்டே அதைவிட நீளமாக இருக்கும்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது என்றுதான் கடிதத்துக்கு வந்தோம். அதுவும் நல்லதாகப் போயிற்று. எழுதினால் அடித்துத் திருத்த முடிகிறது. இன்றைக்கு எதையும் அடிக்கப்போவதில்லை.

வீட்டுக்காரர் வந்தார். வந்து நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. “தப்பா நினைக்காதீங்கம்மா, பொண்ணு குடும்பத்தோட திரும்பி வருது. ஜூலை கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா...” என்று இழுத்தார். இது நமக்குப் பன்னிரண்டாவது வாடகை வீடு. பன்னிரண்டிலும் ஒரு படம்கூட மாட்டியதில்லை, அப்பா படமும் அலமாரிமேல் சாய்ந்துதான் நிற்கிறது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதை எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் போலிருக்கிறது.

பதின்மூன்றாவதைத் தேடப்போவதில்லை. வீடு வாங்கப்போகிறேன். பார்த்தும் வைத்துவிட்டேன். இரண்டு அறை, வெளிச்சமான சமையலறை, நாலாவது மாடி. விலை மற்றதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஏன் என்று கேள். எட்டு மாதமாக லிப்ட் ஓடவில்லை! லிப்ட் மெக்கானிக்கின் அக்கா ஓடாத லிப்ட்டைப் பார்த்து வீடு வாங்குகிறாள், நன்றாகச் சிரித்துக்கொள். அம்மாவின் முழங்காலை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வங்கியில் வீட்டுக் கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பத்தொன்பது வருடம் ஒரே வேலைக்கூடத்தில் பல்செட் செய்கிறவள், ஊரில் பாதிப்பேர் என் கைவேலையால்தான் மெல்லுகிறார்கள், எனக்குக் கடன் தராமல் யாருக்குத் தருவார்கள்? பதில் தபாலில் வருமாம். “வேண்டாம், நேர்ல வந்து கேட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டேன். கண்ணாடித்தாள் ஜன்னல் வைத்த அச்சடித்த கவர் வந்தால் நம் வீட்டில் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். அப்பாவின் பச்சைத் தகரப் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. பிரிக்காதவரைக்கும் கவர் ஒன்றும் செய்யாது என்பார். அவர் போன பிறகும் நாங்கள் அந்த வழக்கத்தை மாற்றவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

உத்தரவுப்படி உடல்நிலை அறிக்கை. முடி கொட்டுகிறது. பசி எடுக்கிறது. வலது தோளுக்குக் கிரீஸ் போட்டால் சரியாகிவிடும். இரண்டு வரி கேட்டாய், மூன்றாகவே கொடுத்துவிட்டேன். அம்மாவின் முழங்காலை விசாரித்தேன் என்று சொல்.

வீட்டைப் பற்றிப் படித்ததும் வேலை செய்துகொண்டிருந்த பதினோராவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட இருந்த உதவியாள் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். நீ அடிக்கும் முதல் ஆணியை நான் பார்க்க வேண்டும்.

லிப்ட்டுக்கு வருகிறேன். பொத்தானை அழுத்தினால் என்ன சத்தம் கேட்கிறது? எங்கிருந்து கேட்கிறது? ‘ஏதோ சத்தம்’ என்று எழுதாதே. பல்லுக்கு நிறம் பார்க்கும்போது பதினாறு வெள்ளை இருக்கிறது என்பாயே, அந்தக் கவனத்தோடு கேள்.

(ஒரு வரி கறுப்பாக அடிக்கப்பட்டிருக்கிறது)



வங்கியில் நல்லபடி முடியட்டும்.

உன் ஒட்டடைக்குச்சி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். தோளுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடு, கிரீஸ் வேண்டாம்.

வங்கியில் கைவிரித்துவிட்டார்கள். கிரெடிட் ஸ்கோர் என்று ஒன்று இருக்கிறதாம். முன்பு வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று பார்த்துப் போடுகிற மார்க். அறுநூற்று ஐம்பது வேண்டுமாம். என்னுடையது நானூற்று எண்பது. பள்ளிக்கூடத்தில் கணக்கில்கூட நான் இவ்வளவு மோசமில்லை. ஏன் குறைந்தது என்று அந்த அதிகாரி விளக்க ஆரம்பித்தார். “வேணாங்க, தெரியும்” என்று எழுந்து வந்துவிட்டேன். அதை உனக்கும் எழுதப்போவதில்லை.

நீ போன கடிதத்தில் ஒரு வரியைக் கறுப்பாக அடித்திருந்தாய். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

அந்த வீட்டை இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன். கடன் கிடைக்காதவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதே. பொத்தானை அழுத்தினால் மொட்டைமாடிப் பக்கமிருந்து ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். அதோடு சரி. இன்னொன்று: இரண்டாவது மாடியில் ஒருவர் மூட்டையோடு போகும்போது லிப்ட் கதவில் இடித்தார். அந்த நொடி மட்டும் பொத்தான் விளக்கு எரிந்து அணைந்தது. இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் புது லிப்ட்தான் போட வேண்டும் என்றார்களாம். அதற்குப் பணமில்லாமல் குடியிருப்போர் சங்கத்தில் மாதாமாதம் சண்டை.

அம்மா பாத்திரங்களைப் பழைய தாளில் சுற்றிவைக்க ஆரம்பித்துவிட்டாள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

சுகம். பதில் தாமதம், மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

அந்த ‘டக்’கைப் பற்றி யோசித்தேன். புது லிப்ட் தேவையே இல்லை என்று தோன்றுகிறது. யாரையும் கை வைக்க விடாதே.

இத்துடன் கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன். எதற்கு என்று கேட்காதே. என்மேல் கோபம் இருந்தால் திட்டி எழுது. திட்டாமல் எழுதுவதுதான் தாங்கமுடியவில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

மறுபடியும் ‘சுகம்’ என்று ஒற்றைச் சொல்லா? சரி, சுகமாகவே இரு. நாங்களும் அப்படியே.

பல் மருத்துவத் தொழிலாளர்களின் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போனேன். சின்ன அறை, ஒரு மின்விசிறி, கடன் பிரிவில் ஒரே ஒரு அம்மா. சிடுசிடுவென்றுதான் இருந்தார். ஆனால் என் கணக்கு முழுவதையும் அச்செடுத்து மேஜையில் விரித்து விரலால் காட்டினார். எல்லாம் சுத்தம், ஒரே ஒரு வரியைத் தவிர. அதை எழுதித்தான் ஆக வேண்டும். ஏழு வருடமாக நாம் இரண்டுபேரும் சுற்றிச் சுற்றிப் போகிறோம், இன்றைக்கு நேராகவே போகிறேன். வண்டிக் கடன்.

உன் ஐஸ்கிரீம் வண்டிக்கு நான் போட்ட கையெழுத்து. உனக்குச் சம்பளச் சீட்டு இல்லை, எனக்கு இருந்தது, அதனால் என் பெயரில் வாங்கினோம். வண்டி படுத்தது, தவணை நின்றது, நீ ஊரைவிட்டுப் போனாய். இன்றுவரைக்கும் கட்டவில்லை என்று அந்த வரியில் இருக்கிறது.

“இது யாரு கடன்?” என்று அந்த அம்மா கேட்டார். பக்கத்தில் நம் அம்மா உட்கார்ந்திருந்தாள். “என்னுதுதான்” என்றேன். வெளியே வந்த பிறகு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவேயில்லை.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருந்தது. இப்போது அலுத்துவிட்டது. முன்பணத்துக்காகச் சேர்த்ததை எடுத்து மே பத்தாம் தேதி அந்தக் கடனை ஒரேயடியாகக் கட்டி முடிக்கப்போகிறேன். அதற்கப்புறம் இந்த வீட்டுக்குக் கையில் காசு இருக்காது. ஆனால் பேராவது சுத்தமாகும். இதற்காக நீ போன் பண்ணாதே. உன் நம்பரை அடைத்து வைத்திருக்கிறேன், சண்டைபோட எனக்குத் தெம்பில்லை.

அக்கா


ஏப்ரல் 26

(தபால் அட்டை)

அக்கா! கட்டாதே! ஒரு காசுகூடக் கட்டாதே! அந்தக் கடனை நான் கட்டி முடித்து மூன்று வருடம் ஆகிறது. மாதாமாதம் ரசீது உன் விலாசத்துக்குத்தான் போயிற்று. கடைசியில் கடன் தீர்ந்தது என்று சான்றும் வந்திருக்கும். நீ ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லையா? பச்சைப் பெட்டியைத் திற! உன் வேலைக்கூடத்துக்குப் போன் செய்தேன், வேலை நேரத்தில் பேசவிட மாட்டோம் என்றார்கள். அச்சடித்த கூரியர் கவரில் போட்டால் அதையும் பெட்டிக்குள் போட்டுவிடுவாய். அதனால்தான் ஊரே படித்தாலும் பரவாயில்லை என்று அட்டையில் எழுதுகிறேன்.


மே 9

என் தம்பிக்கு,

அட்டை நேற்று சாயங்காலம் வந்தது. தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். “கட்டிடலையே?” என்று முதலில் அவர்தான் கேட்டார். இல்லை, கட்டவில்லை. பணத்தை எண்ணிப் பைக்குள் வைத்திருந்தேன். அட்டை இரண்டு நாள் தள்ளி வந்திருந்தால் அந்தப் பணம் போயிருக்கும்.

பெட்டியை இழுத்துத் தரையில் போட்டுக்கொண்டு நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். மூன்று வருடமாகப் புதுக் கவர் வராததால் பூட்டு துருப்பிடித்திருந்தது. பல்செட் ராவுகிற அரத்தால் உடைத்தேன். கவிழ்த்து அடியிலிருந்து எண்ணினோம், மொத்தம் அறுபத்தொரு கவர், அதில் பதினைந்து அப்பா பெயருக்கு. முதலில் பிரித்தது அப்பாவுடையதில் ஒன்று. அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு விழுந்திருக்கிறது, பத்து வருடத்துக்கு முன்னால்! “மாட்டத்தான் ஆணி ஏது?” என்றாள் அம்மா. சிரித்தோம். அடுத்தது வண்டிக் கடன் நோட்டீஸ். அதற்கடுத்ததும் நோட்டீஸ். வரிசையாகப் பதினொன்று. ஒவ்வொன்றிலும் வார்த்தை தடித்துக்கொண்டே போனது. “போதும், மூடி வச்சிடலாம்” என்றேன். அம்மாதான், “பிரி. இவ்ளோ தூரம் வந்தாச்சு” என்றாள்.

பன்னிரண்டாவதில் நோட்டீஸ் இல்லை, ரசீது. பணம் செலுத்தியவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து. தேதி ஐந்து. அடுத்ததும் ரசீது, அடுத்த மாதம் ஐந்து. முப்பத்துநாலு ரசீது தம்பி. முப்பத்துநாலு மாதம். கடைசியாக, கடன் முழுவதும் தீர்ந்தது என்று முத்திரை போட்ட சான்று. அம்மா அவற்றைத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். கதவுவரைக்கும் போயிற்று. கதவருகில் நின்று திரும்பிப் பார்த்தவள், “எம் புள்ள ஓடிப்போகலடி” என்றாள். இந்த ஏழு வருடத்தில் நீ ஓடிப்போனாய் என்று அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மனத்துக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அதை அடித்துத் திருத்தாமல் எழுதுகிறேன். வசூல்காரர்கள் ஏன் வரவில்லை என்று ஒருநாளாவது யோசித்திருந்தால் போதும். கவர் வரும்போதெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே பெட்டிக்குள் போட்டேன். உள்ளே இருந்தது நீ கட்டிய பணம். என்னை மன்னித்துவிடு.

அக்கா

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் இப்போது கூப்பிடாதே, அழுதுவிடுவேன்.


மே 20

அக்காவுக்கு,

சுகம், சுகம், சுகம். இந்தத் தடவை மூன்றும் உண்மை.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டாய். மன்னிப்பு கேட்காதே. உன்னிடம் ஒரு சொல் சொல்லாமல் ராத்திரி பஸ் ஏறியவன் நான்தான். பேச முகமில்லை. முதல் சம்பளம் வந்ததும் கட்ட ஆரம்பித்தேன். ரசீது உன் விலாசத்துக்குப் போகும் என்றார்கள். மாதாமாதம் நான் பேச வேண்டியதை அந்த ரசீதே உன்னிடம் சொல்லிவிடுகிறது என்று நம்பினேன். அதனால்தான் கடிதத்தில் ‘சுகம்’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். எல்லாம் கட்டி முடித்த பிறகும் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அக்காவுக்குக் கோபம் தீரவில்லை, தீரவும் தீராது என்று முடிவுகட்டினேன். அப்பாவின் பெட்டியை எப்படி மறந்தேன்? அந்த வீட்டில் வளர்ந்தவன்தானே நானும்!

ஜனவரியில் நான் அடித்த வரி இதுதான்: ‘வண்டிக் கடனைப் பற்றி வங்கியில் கேட்டால் அது தீர்ந்துவிட்டது என்று சொல்.’ எழுதிவிட்டு, சொல்லிக்காட்டுவதுபோல் இருக்கிறதே என்று அடித்துவிட்டேன். கெட்டிக்காரன் நான்.

அந்தச் சான்றை எடுத்துக்கொண்டு கடன் சங்கத்துக்கு ஓடு.

உன் ஒட்டடைக்குச்சி


ஜூன் 14

தம்பிக்கு,

நலம், நலம். அம்மா பாத்திரங்களைச் சுற்றிய தாளைப் பிரித்து மறுபடி சுற்றுகிறாள். இந்தத் தடவை சந்தோஷமாக.

உன் கடிதம் வருவதற்கு முன்பே சான்றோடு ஓடிவிட்டேன். கடன் பிரிவு அம்மா அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வண்டிக் கடன் கொடுத்த கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கியிருக்கிறது. கை மாறும்போது நீ கட்டிய கணக்கு ஏறாமலே விட்டுப்போயிருக்கிறது. அவரே உட்கார்ந்து புகார் எழுதினார். ஒரு மாதம் அலைந்தோம். மார்க் ஏறியது. எவ்வளவு தெரியுமா? அறுநூற்று முப்பது. அந்தப் பதினொரு மாதம் கட்டாமல் விட்டது அழியாதாம். இங்கேயும் அறுநூற்று ஐம்பதுதான் வேண்டுமாம், இருபது மார்க் குறைவு! தலையில் கைவைத்துக்கொண்டேன். “கமிட்டிக்கு விதிவிலக்கு குடுக்க அதிகாரம் இருக்கு. ரசீது எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நீங்களே வாங்க” என்றார்.

போனேன். நீள மேஜை, ஐந்து பேர். நடுவில் இருந்த தலைவர் வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது, மேல்வரிசை என் கைவேலை. நான்கு வருடமாகியும் ஆட்டமில்லை. நான் மூச்சுவிடவில்லை, சிபாரிசு போலாகிவிடும். முப்பத்துநாலு ரசீதையும் மேஜைமேல் அடுக்கினேன். ஓரத்தில் இருந்த ஒருவர், “இருபது மார்க் கொறையுதே” என்றார். கடன் பிரிவு அம்மா, “தேதியப் பாருங்க சார். ஒவ்வொரு மாசமும் அஞ்சாந்தேதி. ஒருநாள்கூடப் பிசகல” என்றார். அவர் விடவில்லை. “கட்டினது இவங்க இல்லையே. தம்பியில்ல?”

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. “ஆமாங்க. கையெழுத்து என்னுது, கட்டினது என் தம்பி. விட்டுட்டு ஓடியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. கடைசிக் காசு வரைக்கும் கட்டினான். இந்த வீட்டுக்கு அவனே ஜாமீன் போடுவான். இப்ப அவன்கிட்ட சம்பளச் சீட்டு இருக்கு” என்றேன். தலைவர் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி முடித்துவிட்டு, “ஜாமீன் தாள் வந்ததும் பணத்தை விடுங்க” என்றார். என் மேல்வரிசை முழுவதும் தெரியச் சிரித்தார்.

இத்துடன் அந்தத் தாள். அன்றைக்கு உனக்காக நான் போட்டேன். இன்றைக்கு எனக்காக நீ போடு.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

போட்டுவிட்டேன். கையெழுத்து கொஞ்சம் கோணல். கேட்டால் லிப்ட்டுக்குள் நின்று போட்டது என்று சொல். சம்பளச் சீட்டு மூன்று மாதத்தது இணைத்திருக்கிறேன்.

ஐந்து பேர் எதிரில் என்னைப் பற்றி நீ சொன்னதை அப்படியே வெட்டி மேஜையில் ஒட்டிவைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் சொல்.

உன் ஒட்டடைக்குச்சி


ஜூலை 30

தம்பிக்கு,

விலாசத்தைப் பார். நாலாவது மாடி, நம் வீடு!

பத்திரத்தில் என் பெயரைப் படித்தபோது யாரோ பெரிய மனுஷியைப் பற்றி எழுதியிருப்பது போலிருந்தது. அம்மா நாலு மாடியும் ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏதோ பார்வையிட வந்தவள் மாதிரி சுற்றிப் பார்த்துவிட்டு எழுந்தாள். முக்கால் மணி நேரம். மேலே வந்ததும், “எறங்கறதப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்” என்றாள். அதற்குப் பிறகு இறங்கவேயில்லை. அதுதான் எனக்குக் கவலை.

பச்சைப் பெட்டியில் இப்போது சுத்தியலும் ஆணிகளும் இருக்கின்றன. முதல் ஆணியை இன்னும் அடிக்கவில்லை. நீ பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அப்பா அலமாரிமேல் சாய்ந்தபடி காத்திருக்கிறார்.

அக்கா


ஆகஸ்ட் 16

அக்காவுக்கு,

லிப்ட் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் இந்தக் கவரில் வேண்டுமென்றேதான் உன் பெயரை அச்சடித்தேன், ஜன்னல் வைத்த கவரையும் தேடிப்பிடித்து வாங்கினேன். பிரித்துவிட்டாய். சபாஷ்!

வேலை முடிந்து வந்தவள், கதவு தானாகத் திறந்ததும் திகைத்து நின்றிருப்பாய். உள்ளே வந்து நாலாம் எண்ணை அழுத்திவிட்டுப் படி. பயப்படாதே. சங்கத்தில் அனுமதி வாங்கித்தான் கை வைத்தேன், என் லைசென்ஸைக் காட்டினேன். இரண்டாவது மாடிக் கதவுக்குள் கட்டைவிரல் அளவு சுவிட்ச் ஒன்று தேய்ந்திருந்தது. அதனால் கதவு மூடியது மேலே இருக்கும் இயந்திரத்துக்குத் தெரியவில்லை. புது லிப்ட்டாம், புது லிப்ட்! நீ கேட்டுச் சொன்ன ‘டக்’கும் கதவில் மூட்டை இடித்ததும் இல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. காலையிலிருந்து பதினெட்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அதில் ஆறு தடவை அம்மா கூடவே வந்தாள். கீழே தெருவைப் பார்த்துவிட்டு மேலே வருகிறாள், மறுபடி கீழே போகிறாள். நிறுத்தச் சொன்னால், “ஓட்டுடா, கரண்டு உன்னுதா?” என்கிறாள்.

இப்போது மூன்றாம் மாடியைத் தாண்டியிருப்பாய். கதவு திறந்ததும் நேரே பார். சுத்தியலும் ஆணியும் அப்பா படமும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஆணி நீதான் அடிக்க வேண்டும். எந்த இடத்தில் என்பதில் மூன்றாவது நிமிடம் சண்டை வரும். வரட்டும், நம் வீடுதானே.

தம்பி